டாஃப்ட் பங்க்: உரிமையை விட்டுக்கொடுக்காமல் வளர்ந்த இருவர்

பிரான்சின் மின்னணு இசை இரட்டையரான டாஃப்ட் பங்க் இயங்கியது 1993 முதல் 2021 வரை. இந்த 28 ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் நான்குதான்: 1997, 2001, 2005, 2013. பெரிய சுற்றுப்பயணம் என்று எடுத்துக்கொண்டால் 1997இல் ஒன்று, 2006-07இல் ஒன்று. 2001க்குப் பிறகு மேடையில் முகத்தைக் காட்டியதே இல்லை. மின்னணு நடன இசையில் பெயர் நிலைக்க வேண்டுமானால் ஓயாமல் பாட்டு விட வேண்டும், வாரா வாரம் கிளப்பில் நிற்க வேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்வது. அந்த வழக்கத்துக்கு நேர் எதிராக நடந்துகொண்டு, 2014 கிராமி மேடையில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை வாங்கினார்கள்.

இசைத் திறமை ஒன்றை வைத்தே இதை விளக்கிவிட முடியாது. தொண்ணூறுகளின் பாரிஸில் அவர்களுக்குச் சமமாக லூப் (பழைய பாட்டிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டு) வெட்டத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். இந்த இருவரும் ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்துப் போடுமுன், எதைத் தங்களிடமே வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தார்கள். அதற்காகப் பணத்தையும் காலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த முடிவுகளையும், அவற்றுக்கு அடியில் இருந்த ஒலி வேலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவர்கள் எழுந்த கதை புரியும்.

கிட்டாரிலிருந்து டிரம் மெஷினுக்கு

தோமா பங்கால்தேர் 1975இல் பிறந்தவர், கீ-மானுவேல் த ஓமெம்-கிறிஸ்டோ 1974இல். 1987இல் பாரிஸின் லிசே கார்னோ பள்ளியில் நண்பர்களானார்கள். 1992இல் லோரான் பிராங்கோவிட்ஸ் என்ற கிட்டார்காரரோடு சேர்ந்து 'டார்லின்' என்ற ராக் குழுவைத் தொடங்கினார்கள். அது சில மாதங்களே தாங்கியது. ஸ்டீரியோலேப் குழுவினரின் டியூஓஃபோனிக் லேபிள், பல குழுக்கள் சேர்ந்த ஒரு தட்டில் இவர்களுடைய பாட்டையும் வெளியிட்டது. பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழ் விமர்சகர் அதை 'டாஃப்ட் பங்கி திராஷ்' என்று தள்ளிவிட்டார். அந்த ஏச்சையே இருவரும் பெயராக எடுத்துக்கொண்டார்கள். பிராங்கோவிட்ஸ் பிறகு ஃபீனிக்ஸ் குழுவுக்குப் போனார்.

1993இல் பாரிஸ் அருகே யூரோடிஸ்னியில் நடந்த ஒரு ரேவ் விருந்தில், கிளாஸ்கோவின் 'ஸ்லாம்' இரட்டையரில் ஒருவரான ஸ்டூவர்ட் மக்மில்லனைச் சந்தித்து டெமோ கேசட்டைக் கொடுத்தார்கள். ஸ்லாம் இரட்டையர் சோமா லேபிளைத் தொடங்கியவர்களில் சேர்ந்தவர்கள். 1994இல் சோமா வழியாக 'த நியூ வேவ்' வந்தது. 1995இல் வந்த 'டா ஃபங்க்' முதலில் விற்றது சுமார் 2,000 தட்டுகள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் 12 அங்குலத் தட்டை வாங்குபவர்களில் பெரும்பாலோர் டிஜேக்கள். அந்தத் தட்டு கெமிக்கல் பிரதர்ஸ் கையில் சிக்கியது. அவர்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் போட ஆரம்பித்ததும் பெரிய லேபிள்கள் தேடிக்கொண்டு வந்தன.

'டா ஃபங்க்', ஹவுஸ் என்ற கிளப் நடன இசைப் பாட்டுகளை விட மெதுவானது, நிமிடத்துக்கு சுமார் 111 தாள அடி. அன்றைய ஹவுஸ் 120க்கு மேல் ஓடியது. அமெரிக்க மேற்குக் கரை ஹிப்-ஹாப்பின் நடையை மனத்தில் வைத்துச் செய்த பாட்டு என்பதால் அந்த வேகம். கிளப்பில் மற்ற தட்டுகளோடு வேகத்தைப் பொருத்திக் கலப்பது கடினம். டிஜே அதைத் தனியாகவே போட வேண்டியிருந்தது. தனியாகப் போட்டால் கூட்டம் கவனிக்கும். எந்தப் பாட்டுக்குள்ளும் கரைந்துபோகாத பாட்டாக அது அமைந்தது.

படுக்கையறையில் இருந்த கருவிகள்

முதல் ஆல்பமான 'ஹோம்வர்க்' பங்கால்தேரின் வீட்டில் பதிவானது. ரோலண்ட் டிஆர்-909, டிஆர்-808 டிரம் மெஷின்கள், டிபி-303 பேஸ் கருவி, ஜூனோ-106 சின்தசைசர், ஒலித் துண்டுகளைப் பதிவுசெய்து வாசிக்கும் ஒரு சாம்ப்ளர், ஒரு மிக்ஸர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் மலிவான கம்ப்ரஸர் என்ற அளவில்தான் பட்டியல் நின்றது. முதலில் ஆல்பம் போடும் எண்ணமே இல்லை. தனித்தனிப் பாட்டுகளாக விடத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சில மாதங்களில் போதுமான அளவு சேர்ந்துவிட்டதால், இரட்டை வினைல் தட்டின் நான்கு பக்கங்களுக்கு ஏற்ப வரிசைப்படுத்தினார்கள். 1997 ஜனவரியில் வெளியானது.

இவர்களும் பாரிஸின் மற்ற ஃபில்டர் ஹவுஸ்காரர்களும் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கேட்பதற்கு எளிதாகத் தெரிவதால் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

எடுப்பது பழைய டிஸ்கோ, ஃபங்க் தட்டிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பார் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) துண்டு. இந்தத் தலைமுறை விரும்பிய ஈ-மூ எஸ்பி-1200 சாம்ப்ளர் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யும். மொத்த நினைவகம் 10 வினாடி, ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 2.5 வினாடி. நிமிடத்துக்கு 123 அடி வேகத்தில் ஒரு பார் 1.95 வினாடி. ஆக, ஒரு பாரும் கொசுறும்தான் உள்ளே போகும். இதைத் தாண்ட ஒரு பழைய வழி உண்டு. 33 சுழற்சித் தட்டை 45இல் ஓட்டிப் பதிவுசெய்து, சாம்ப்ளரில் மறுபடி மெதுவாக்குவது. 1.35 மடங்கு வேகம் என்பதால் 2.5 வினாடி இடத்தில் சுமார் 3.4 வினாடி இசை நிற்கும். விலையாக மேல் அதிர்வெண்கள் மங்கும், ஓரங்களில் ஒரு கரகரப்பு சேரும். அந்தக் கரகரப்பைத்தான் இன்று பலர் தேடித் திரிகிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 33க்கும் 45க்கும் இடையிலான உயர்வு 5.2 அரைச்சுரம். சாம்ப்ளரில் அரைச்சுரப் படிகளாக ஐந்து படி இறக்கினால் 20 சென்ட் (அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு) அதிகமாகவே நிற்கும். அதன்மேல் சரியாகச் சுருதி சேர்த்த சின்தசைசர் பேஸைப் போட்டால் அடியில் ஓர் அலைவு கேட்கும். லூப்பின் சுருதிக்குப் பேஸை நகர்த்த வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, மிக்ஸிங்கில் ஈக்வலைசரைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்குவது அடிக்கடி நடப்பது.

அடுத்து வருவது மூச்சு வாங்குவதுபோன்ற அந்த அழுத்தம். கிக் (டிரம்ஸின் தடித்த அடி) விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் அமுங்கி மீண்டும் மேலேறும். அலெசிஸ் 3630 என்ற விலை குறைந்த இரட்டைச் சேனல் கம்ப்ரஸர் இந்தப் பாணியோடு சேர்த்தே பேசப்படுகிறது. அதன் சைட்செயின் (அமுக்கத்தை இயக்கும் தனி) நுழைவில் கிக்கைக் கொடுத்து, லூப்பை அதன் வழியே அனுப்ப வேண்டும். விகிதம் 4:1க்கு மேல், அட்டாக் (அமுங்க எடுக்கும் நேரம்) முடிந்தவரை குறைவாக, 6 முதல் 10 டெசிபெல் வரை அமுங்குமாறு வாசலை (எந்தச் சத்தத்திலிருந்து அமுக்குவது என்ற எல்லை) இறக்கலாம். அமுங்கிய ஒலி மீண்டெழும் நேரமான ரிலீஸ்தான் உயிர்நாடி. 123 அடி வேகத்தில் இரண்டு கிக்குகளுக்கு இடையே 488 மில்லிவினாடி. ரிலீஸ் 150 முதல் 250 மில்லிவினாடிக்குள் இருந்தால் அடுத்த கிக்குக்கு முன் ஒலி முழுதாக எழுந்து நிற்கும். அதையே 500க்கு மேல் வைத்தால் ஒலி எழவே நேரமிருக்காது. மொத்தமாகச் சத்தம் குறைந்ததுபோல் இருக்குமே தவிர அசைவு தெரியாது. 50க்குக் கீழே போனால் கிக்கின் அலைவடிவத்தையே கம்ப்ரஸர் பின்தொடரத் தொடங்கி, அடி ஒலி உடைந்து கேட்கும்.

மூன்றாவது ஃபில்டர். 250 ஹெர்ட்ஸில் மூடிய லோ-பாஸை (மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டர்) 16 பாரில் 8,000 ஹெர்ட்ஸ் வரை திறப்பதாக வைத்துக்கொள்வோம். 123 வேகத்தில் அது 31 வினாடி. இடையில் இருப்பது ஐந்து ஆக்டேவ். எனவே சுமார் மூன்று பாருக்கு ஓர் ஆக்டேவ் என்ற கணக்கில் திறக்க வேண்டும். ஹெர்ட்ஸ் கணக்கில் சீராக ஏற்றினால் முதல் இரண்டு மூன்று பாரிலேயே பெரும்பகுதி திறந்துவிடும், மீதி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ரெஸனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தில் ஒலியைத் தூக்கிக்காட்டும் அமைப்பு) அதிகம் வைத்தால் 2,000-4,000 ஹெர்ட்ஸைக் கடக்கும்போது விசில் அடிக்கும். சிறிய ஸ்பீக்கரில் அது அழகாகக் கேட்கலாம், கிளப்பின் ஒலியளவில் காதைக் குத்தும். லூப்பிலேயே பழைய பேஸ் கிட்டார் இருந்தால் 120-150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதை வெட்டிவிட்டு, புதிய கிக்குக்கும் பேஸுக்கும் இடம் விட வேண்டும்.

இந்த முறையின் உச்சம் டாஃப்ட் பங்க் பெயரில் வரவில்லை. பங்கால்தேர், ஆலன் பிராக்ஸ், பாடகர் பெஞ்சமின் டைமண்ட் மூவரும் 'ஸ்டார்டஸ்ட்' என்ற பெயரில் 1998இல் வெளியிட்ட 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ' அது. சாக்கா கான் பாடிய 1981ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் சின்னஞ்சிறு கிட்டார் துண்டுதான் அதன் முதுகெலும்பு. பங்கால்தேரின் சொந்த லேபிளான 'ரூலே' அதை வெளியிட்டது. ஓமெம்-கிறிஸ்டோவுக்கும் 'கிரிடமூர்' என்ற தனி லேபிள் இருந்தது. கிளப்புக்கான சோதனைகளையெல்லாம் இந்தப் பக்க லேபிள்களில் செய்து பார்த்து, முதன்மைப் பெயரில் அரிதாக மட்டுமே வெளியிட்டார்கள். ஒரே பெயரில் எல்லாவற்றையும் கொட்டி அதன் மதிப்பைத் தாங்களே குறைத்துக்கொள்ளும் இரட்டையர்களுக்கு இது நல்ல பாடம்.

ஒப்பந்தம்

1996 செப்டம்பரில் வெர்ஜின் நிறுவனத்தோடு கையெழுத்தானது. வழக்கமான ஒப்பந்தத்தில் லேபிள் முன்பணம் தரும், ஒலிப்பதிவின் உரிமை லேபிளுக்குப் போய்விடும். டாஃப்ட் பங்க் தங்களுக்கென 'டாஃப்ட் டிராக்ஸ்' என்ற நிறுவனத்தை வைத்து, அதன் வழியாகப் பதிவுகளை வெர்ஜினுக்கு உரிமத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது இருவருக்கும் 21, 22 வயது.

விற்பதற்கும் உரிமத்துக்குக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இளம் இசைக்காரர்கள் பலர் பாட்டு ஓடிய பிறகுதான் உணர்கிறார்கள். விற்றால் முன்பணம் பெரிது. ஆனால் எந்த விளம்பரத்துக்குப் பாட்டைத் தருவது, எந்தத் தொகுப்பில் சேர்ப்பது, உறை எப்படி இருக்க வேண்டும் என்பதில் நமக்குச் சொல்ல இடமில்லை. உரிமத்தில் முன்பணம் குறையும், செலவும் பெரும்பாலும் நம் தலையில் விழும். பதிலுக்குக் காலக்கெடு, பயன்பாடு, நிலப்பரப்பு மூன்றையும் எழுத்தில் வரையறுக்கலாம். காலக்கெடு முடிந்ததும் பதிவு திரும்பி வரும். குறைந்த பணத்தை ஏற்றுக்கொண்டு கட்டுப்பாட்டைத் தக்கவைத்ததாக இருவரும் அந்தக் காலப் பேட்டிகளிலேயே விளக்கினார்கள்.

இதில் பங்கால்தேரின் தந்தையைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இராது. டேனியல் வான்கார்ட் என்ற பெயரில் அவர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெற்றிகரமான பாடலாசிரியர், தயாரிப்பாளர். ஒட்டவான் குழுவின் 'டிஸ்கோ' பாட்டு அவர் பங்களிப்பில் உருவானது. ஒப்பந்தத்தின் எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கும் என்று வீட்டிலேயே சொல்ல ஆள் இருந்தார். பெரும்பாலான இருபது வயதுக்காரர்களுக்கு அது வாய்ப்பதில்லை. அந்த இடத்தில் இசைத்துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்குக் கையெழுத்துக்கு முன் பணம் கட்டிப் படிக்கச் சொல்வதுதான் மாற்று. லேபிள் காட்டும் வழக்கறிஞர் அதற்கு ஆகமாட்டார்.

அடுத்த மோதல் பிரான்சின் இசையமைப்பாளர் உரிமைச் சங்கமான சாசெமோடு. வானொலி, மேடை, தட்டு, இணையம் என எல்லா வகை உரிமைகளையும் சேர்த்து ஒப்படைத்தால்தான் உறுப்பினர் ஆகலாம் என்பது அன்றைய விதி. இணையம் உள்ளிட்ட சிலவற்றைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்றார்கள் இருவரும். சங்கம் மறுத்தது. ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் போனது. 2002இல் வந்த முடிவு அவர்கள் வாதத்தின் சாரத்தை ஏற்றது: ஆதிக்க நிலையில் உள்ள சங்கம், இணைய உரிமைகளையும் சேர்த்தே எல்லாவற்றையும் கட்டாயமாக ஒப்படைக்கச் சொல்வது நியாயமற்ற நிபந்தனை. சங்கமும் விதியைத் தளர்த்தியது. இணையத்தில் இசை விற்பனை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த நாட்களில் அந்த உரிமையைத் தனியாகப் பிரித்து யோசித்திருக்கிறார்கள். இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இது. அதிகம் பேசப்பட வேண்டியதும் இதுதான் என்பது எங்கள் கருத்து.

முகத்துக்குப் பதில் படம்

'ஹோம்வர்க்' பாட்டுகளுக்கான வீடியோக்களில் இருவரும் நாயகர்களாக வருவதில்லை. 'டா ஃபங்க்' வீடியோவை ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்தார். நாய்த்தலை கொண்ட ஓர் ஆள், காலில் கட்டோடு, கையில் பெரிய டேப் ரெக்கார்டருடன் நியூயார்க் தெருவில் நடக்கிறான். பாட்டு அந்த ரெக்கார்டரிலிருந்துதான் வருகிறது. ஆட்கள் பேசும்போது பேச்சு பாட்டின் மேல் ஏறி ஒலிக்கிறது. பாட்டை விற்க எடுக்கும் வீடியோவில் பாட்டையே பின்னணிக்குத் தள்ள எந்த விளம்பரத் துறையும் எளிதில் ஒப்புக்கொள்ளாது. அதற்கு அனுமதி தரும் அதிகாரம் இசைக்காரர்கள் கையிலேயே இருந்ததன் பலன் அது.

'அரவுண்ட் த வேர்ல்ட்' வீடியோ மிஷேல் கோன்ட்ரி இயக்கியது, நடன அமைப்பு பிளாங்கா லி. இயந்திரக் குரலுக்கு ரோபோக்கள், பேஸுக்கு உயரமான விளையாட்டு வீரர்கள், கீபோர்டுக்கு நீச்சல் உடைப் பெண்கள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், டிரம் மெஷினுக்கு மம்மிகள். பேஸ் மெட்டு படியேறி இறங்கும்போது வீரர்களும் படியேறி இறங்குகிறார்கள். ஆல்பம் பதிப்பில் ஒரே சொற்றொடர் 144 முறை வருகிறது. அலுப்பதில்லை, காரணம் ஏற்பாடு. குரல் மாறாமல் நிற்க, சுற்றியிருக்கும் அடுக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து வெளியே போகின்றன. மிக்ஸிங் கற்பவர்கள் ஒலியை அணைத்துவிட்டு அந்த வீடியோவை ஒரு முறை பார்த்தால், எந்த அடுக்கு எப்போது நுழைகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ரோபோ வேடம் 2001இல் 'டிஸ்கவரி' ஆல்பத்தோடு முழுமையானது. 1999 செப்டம்பர் 9, காலை 9:09க்குச் சாம்ப்ளர் வெடித்துத் தாங்கள் ரோபோக்களாகிவிட்டதாக ஒரு கதையும் கட்டினார்கள். திரைப்பட வேட ஒப்பனைக்காரர் டோனி கார்ட்னரின் அல்டீரியன் நிறுவனம் தலைக்கவசங்களைச் செய்தது. பங்கால்தேருக்கு வெள்ளி நிறம், ஓமெம்-கிறிஸ்டோவுக்குத் தங்க நிறம், உள்ளே எல்இடி விளக்குகள். புகழின் நடுவிலும் தெருவில் சாதாரணமாக நடக்க இது வழிசெய்தது. ஐம்பது வயதானாலும் வேடத்துக்கு வயதாகாது என்பது இன்னொரு லாபம்.

டிஸ்கவரியும் சாம்பிள் கணக்கும்

'ஒன் மோர் டைம்' 1998லேயே முடிந்துவிட்ட பாட்டு. இரண்டு ஆண்டு அலமாரியில் வைத்திருந்து 2000 நவம்பரில்தான் வெளியிட்டார்கள். பிரான்சில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். பாடகர் ரோமந்தனியின் குரலைச் சுருதி திருத்தும் ஆட்டோ-டியூனில் போட்டு, திருத்தியது தெரியும்படியே விட்டார்கள். நடுவில் கிக்கே இல்லாமல் நீளமாக ஒரு பகுதி போகும். ஆடும் கூட்டத்திடமிருந்து அவ்வளவு நேரம் தாளத்தைப் பிடுங்குவது துணிச்சலான காரியம். கோர்டுகளும் குரலும் அந்த வெற்றிடத்தைத் தாங்கியதால்தான் கிக் திரும்பும் இடத்துக்கு அத்தனை வலு.

இந்த ஆல்பத்தின் பண வழியைப் பின்தொடர்ந்தால் சாம்பிள் அனுமதியின் அருமை தெரியும். 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்' எட்வின் பேர்ட்சாங்கின் 'கோலா பாட்டில் பேபி'யிலிருந்து எடுத்தது. 'டிஜிட்டல் லவ்' ஜார்ஜ் டியூக்கிடமிருந்து. இவை உறையிலேயே அனுமதியோடு அச்சானவை. 2007இல் கான்யே வெஸ்ட் 'ஸ்ட்ராங்கர்' பாட்டுக்கு டாஃப்ட் பங்கின் பாட்டை எடுத்தபோது எழுதியவர்கள் பட்டியலில் பங்கால்தேர், ஓமெம்-கிறிஸ்டோ, பேர்ட்சாங் மூவரும் இருந்தார்கள். அது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் போனது. முதல் அனுமதி முறையாக இல்லாதிருந்தால் அடுத்தவர் அந்தப் பாட்டைத் தொடவே தயங்கியிருப்பார், அல்லது வழக்கு வந்திருக்கும். சாம்பிள் எடுப்பவர் இரண்டு அனுமதி வாங்க வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, இசையமைப்புக்கு ஒன்று. ஒன்றை வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதே அடிக்கடி நடக்கும் பிழை. அந்தப் பகுதியை மறுபடி வாசித்துப் பதிவுசெய்தால் முதல் அனுமதி தேவைப்படாது, இரண்டாவது அப்போதும் தேவை.

ஆல்பம் முழுவதற்கும் ஜப்பானிய அனிமே கலைஞர் லெய்ஜி மட்சுமோட்டோவின் மேற்பார்வையில் டோய் அனிமேஷன் செய்த 'இன்டர்ஸ்டெல்லா 5555' படம் 2003இல் வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி இயக்குநர் தேடும் வேலையை ஒரே கதையாக மாற்றிவிட்டார்கள்.

சறுக்கலும் பிரமிடும்

மூன்றாவது ஆல்பம் 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்', 2004இல் ஆறே வாரத்தில் முடிந்தது. அதற்கு முந்தையதற்கு இரண்டு ஆண்டு எடுத்திருந்தார்கள். 2005 மார்ச்சில் வெளியானபோது வரவேற்பு மந்தம். ஒரே ரிஃப் (குட்டி இசைத்தொடர்) மாற்றமின்றி ஓடுகிறது என்பது முக்கியக் குறை, அது நியாயமான குறைதான். 'ஹோம்வர்க்'கிலும் திரும்பத் திரும்ப வருவது உண்டு. ஆனால் அங்கே ஃபில்டரும் அடுக்குகளும் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே அந்த நகர்வு குறைவு.

2006 ஏப்ரல் 29, கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழா. எல்இடி பதித்த பிரமிடின் உச்சியில் இருவரும் நின்றார்கள். அந்த மேடை வேலையில் ஏபிள்டன் லைவ் மென்பொருள், மினிமூக் வாயேஜர் சின்தசைசர்கள், தொடுதிரை லெமூர் கருவிகள், பெரிஞ்சர் பிசிஆர்2000 கட்டுப்பாட்டுப் பலகைகள் இருந்தன. பார்வையாளர்கள் எடுத்த காட்சிகள் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த யூடியூபில் பரவின.

மேடையில் நடந்தது ஒரு சீரமைப்பு வேலை. குறை சொல்லப்பட்ட மூன்றாவது ஆல்பத்தின் பாட்டுகளைப் பழைய வெற்றிகளோடு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள். 'டெலிவிஷன் ரூல்ஸ் த நேஷன்' மேல் 'கிரெசண்டால்ஸ்', 'ஸ்டீம் மெஷின்' உடன் 'டூ லாங்'. தனியாகக் கேட்டால் வெறுமையாக இருந்த ரிஃப், இன்னொரு மெட்டைத் தாங்கும் தரையாக மாறியது. அடுக்கு அடுக்காக நிறைந்த இரண்டு பாட்டுகளைச் சேர்த்தால் சேறாகிவிடும். ஒன்று மெலிந்ததாக இருந்தால்தான் கலவை நிற்கும். இதை முயல்பவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: வேக மாற்றம் 6 சதவீதத்துக்குள் இருக்கிறதா, சுருதி ஒன்றா அல்லது நெருங்கியதா, எந்தக் கணத்திலும் ஒரே ஒரு பேஸ்தான் ஒலிக்கிறதா. மூன்றாவதை விட்டால் பெரிய ஸ்பீக்கர்களில் அடி ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், ஹெட்போனில் அது தெரியவே தெரியாது.

2007 ஜூன் 14 பாரிஸ் பெர்சி அரங்கில் பதிவான 'அலைவ் 2007' ஆல்பத்துக்கு 2009 கிராமியில் சிறந்த மின்னணு/நடன ஆல்பம் விருது கிடைத்தது. ரசிகர்களின் கேட்பு மேலும் இருந்தபோதும் சுற்றுப்பயணத்தை 2007 முடிவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்

2010இல் 'டிரான்: லெகசி' படத்துக்காக லண்டனில் 85 பேர் கொண்ட இசைக்குழுவோடு வேலை செய்தார்கள். ஆட்களை வைத்து வாசிக்கவைப்பது அடுத்த ஆல்பமான 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' உருவானதன் மையமானது. டிரம்ஸுக்கு ஓமர் ஹக்கீம், ஜான் 'ஜேஆர்' ராபின்சன். பேஸுக்கு நேதன் ஈஸ்ட், ஜேம்ஸ் ஜீனஸ். கிட்டாருக்கு நைல் ராட்ஜர்ஸ், பால் ஜாக்சன் ஜூனியர். கடைசிப் பாட்டைத் தவிர வேறெங்கும் சாம்பிள் இல்லை. பத்து ஆண்டு முன் யாருடைய தட்டுகளை வெட்டினார்களோ, அந்தத் தலைமுறையையே ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுக் கூலி கொடுத்து வாசிக்கவைத்தார்கள். டிஸ்கோ இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடரின் பேச்சை வெவ்வேறு காலத்து மைக்குகளில் பதிவுசெய்தார்கள், அவர் வாழ்க்கையின் எந்தப் பருவத்தைப் பேசுகிறாரோ அந்தப் பருவத்து மைக். ஸ்டுடியோ செலவைத் தாங்களே போட்டு, முடிந்த பிறகு கொலம்பியா லேபிளுக்குக் கொண்டுபோனார்கள். பாதிவழியில் யாரும் தலையிட முடியாததற்கு அதுவே காரணம்.

விளம்பரம் 2013 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'சாட்டர்டே நைட் லைவ்' இடைவேளையில் 15 வினாடி. ஆல்பத்தின் பெயர்கூடச் சொல்லவில்லை, தலைக்கவசப் படத்தோடு ஒரு கிட்டார் துண்டு. ஏப்ரலில் கோச்செல்லா திரைகளில் சிறிய முன்னோட்டம். ரசிகர்கள் அந்தத் துண்டையே லூப் போட்டு இணையத்தில் சுற்றவிட்டார்கள். 'கெட் லக்கி' வெளியாகுமுன்பே பாதிப் பேருக்கு மனப்பாடம். ஆல்பத்தின் வெளியீட்டு நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவின் வீ வா என்ற, சுமார் 2,000 பேர் வாழும் வேளாண் ஊரில் நடந்தது. அமெரிக்காவில் முதல் வார விற்பனை 339,000. 'கெட் லக்கி' நான்கே கோர்டில் முதல் வினாடியிலிருந்து கடைசி வரை சுற்றும் பாட்டு, வேகம் 116. 2005இல் தோற்ற 'ஒரே சுற்று' இங்கே ஜெயித்தது, ஏனெனில் வாசிப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ ஒரு நூலிழை மாறுகிறார்கள்.

2021 பிப்ரவரி 22 அன்று எட்டு நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டுப் பிரிந்தார்கள். 2023 மே மாதம் கடைசி ஆல்பத்தின் பத்தாண்டுப் பதிப்பும், அதே ஆண்டு நவம்பரில் டிரம்ஸை நீக்கிய பதிப்பும் வந்தன. தயாரிப்பு கற்பவர்களுக்கு அந்த இரண்டாவது பதிப்பு கைமேல் கிடைத்த பாடப்பொருள். 'கிவ் லைஃப் பேக் டு மியூசிக்' பாட்டை முதலில் அதில் கேட்டு, பிறகு மூலத்தைக் கேளுங்கள். டிரம்ஸே இல்லாதபோதும் ராட்ஜர்ஸின் வலக்கை பதினாறில் ஒரு பங்கு அடிகளாகத் தாளத்தைப் பிடித்துவைத்திருப்பதும், பேஸ் எந்த இடங்களில் வேண்டுமென்றே வாசிக்காமல் விடுகிறது என்பதும் தெளிவாகக் கேட்கும்.